மாலை போட்ட படம்

நம் வயதுக்கு வந்துவிட்டால் போதும், ஊரே நமக்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறது, கவனித்திருப்பீர்கள். உப்பைக் குறை, ஈரத் தரையில் நடக்காதே, மாத்திரையை மறக்காதே, பழசை மறந்துவிடு. முதல் மூன்றையும் நான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறேன். நாலாவதுதான் என் உடம்புக்கு ஒத்துவரவில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ‘மன்னிப்பே மாமருந்து’ என்று செல்போனில் அனுப்புகிறார்களே, அவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து தலை நரைத்தவள் நான். எது மருந்து, எது வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

போன சாரலில் அத்தை செத்தாள். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தாளா, அங்கே சேர்த்துக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அவள் படத்துக்கு என் கையால் மாலை போட்டேன், அது தெரியும். அந்த மாலையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு ஒன்பது வயது நடந்த ஒரு சாரல் காலத்துக்குப் போக வேண்டும். நீங்களும் கூட வருவீர்கள். நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அத்தை இருந்திருப்பாள். இல்லையென்றால் நாமே யாருக்காவது அப்படி இருந்திருப்போம்.

எங்கள் வீடு தென்காசியில். குற்றாலத்தில், அருவிக்குப் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தாத்தா காலத்து ஓட்டு வீடு ஒன்றும் இருந்தது. அதற்குச் சீசன் வீடு என்று பெயர். வருஷத்தில் பாதிக்கு மேல் அது வௌவாலுக்குத்தான். ஆனி பிறந்து, காற்று திரும்பி, மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்ததும் சட்டிபானைகளோடு அங்கே குடிபோய்விடுவோம். முன்கட்டு அறைகளை வெளியூர்க் குடும்பங்களுக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் நாங்கள் இருந்துகொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போடுவோம். பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே பஸ்.

அந்த வீட்டில் எதுவும் காயாது. துண்டு காயாது, பாவாடை காயாது, புத்தகத்தின் அட்டைகூட அப்பளம்போல வளைந்துகொள்ளும். அம்மா தணல் சட்டியின் மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் எங்கள் உடுப்புகளை விரித்துப் போடுவாள். அதனால் நாங்கள் எல்லோரும் கரிப்புகை வாசத்தோடுதான் திரிவோம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “ஏட்டி, நீ சுட்ட கிழங்கு மாதிரி மணக்க” என்பாள். அந்தக் கூடை பின்னால் எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போது எல்லார் வீட்டிலும் துணி காய வைக்க மெஷின் இருக்கிறது. அதிலிருந்து வருகிற துணியில் எந்த வீட்டு வாசமும் இல்லை.

அத்தை அப்பாவின் அக்காள். மாமா பம்பாயில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு பிஸ்கட் டப்பாவையும் கொஞ்சம் கோபத்தையும் இறக்கிவைத்துவிட்டுப் போவார். அத்தையும் அவளுடைய கைக்குழந்தையும் எங்களோடுதான். அப்பாவைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதால் அப்பா அவள் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். வீட்டின் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில் இருக்கும். ஆள் வருவதற்கு முன் அந்தச் சத்தம் வரும். அம்மா உலைக்கு அரிசி எடுக்க வேண்டுமென்றால்கூட அந்தச் சத்தத்தைப் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

அந்த வருஷம் முன்கட்டுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மில் முதலாளி குடும்பம் வந்திருந்தது. முதலாளியம்மா நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளால்தான் பாதிக் கேடு. அம்மா வைத்த சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், “ஏனுங்கக்கா, சாவிய இந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடலாமில்லீங்களா? எல்லாத்தையும் அதுதான பாத்துக்குது.”

“அதுக்கென்னம்மா, குடுத்தாப் போச்சு” என்றாள் அத்தை. சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் அவள் கை இடுப்புக்குப் போய்ச் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வாசலை ஒட்டிய வெளி அறையில் தனியாக ஒருத்தர் தங்கியிருந்தார். படம் வரைகிறவர். மதுரையில் ஏதோ பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். தலைச்சூட்டுக்கு அருவியில் குளிக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பியிருந்தார். படக்காரர் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். மரப்பிடி போட்ட ஒரு நிப்புப் பேனா, ஒரு சின்னப் புட்டியில் கறுப்பு மை, கெட்டியான வெள்ளைத்தாள், அவ்வளவுதான் அவர் சாமான். பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. அறையின் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து ஒருத்தரை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு பேனா எலிக்குஞ்சுபோலக் கீச்சிட்டுக்கொண்டு தாளின் மேல் ஓடும். போட்ட கோடு போட்டதுதான்.

மங்குஸ்தான் விற்க வருகிற கிழவரை வரைந்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளை வரைந்தார். மில் முதலாளியையும் வரைந்தார். முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, கடன்காரனக் கண்ட மாதிரி முழிச்சிட்டிருக்கறனே?” என்று குறைப்பட்டார். படக்காரர், “இருந்ததைத்தான் போட்டேன்” என்று பேனாவைத் துடைத்துக்கொண்டார்.

அத்தைக்குத் தன்னையும் வரைய வேண்டும் என்று ஒரே ஆசை. மூன்றுமணிக் காப்பிக்குப் பிறகு முகத்தில் பவுடர் போட்டு, பிச்சிப்பூ வைத்து, அவர் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் ஒரு நிமிஷம் பார்ப்பார். “இன்னைக்கு வெளிச்சம் சரியில்லம்மா” என்பார். மறுநாளும் அதேதான். “இந்தச் சாரல்ல என்னைக்குத்தான் வெளிச்சம் சரியா இருக்கப்போவுது?” என்று அத்தை பின்கட்டில் வந்து முணுமுணுப்பாள்.

ஒருநாள் காலையில் அத்தை முதலாளியம்மாவைப் பெரிய அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துண்டு சுமக்க நானும் போனேன். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். தண்ணீர் கல்லில் விழுந்து புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவின் தலையிலும் கையிலும் எண்ணெய் வழிந்தது. விரலில் சிவப்புக்கல் மோதிரம்.

“மோதிரத்தக் கழத்தி இங்கன குடுங்க. எண்ணெக் கை. அருவி உருவிக்கிடும்” என்றாள் அத்தை.

“அது டைட்டா இருக்குதுங்கக்கா, வராது.”

எங்கள் ஊர் அருவியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அது எத்தனையோ பேரின் தாலிச்சரட்டையும் கம்மலையும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வற்றியதும் கீழே சரளையைச் சலித்துப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். முதலாளியம்மா அருவிக்குள் போய், கூச்சல் போட்டு, சிரித்து, மூச்சுமுட்டி வெளியே வந்தார். முகத்தை வழித்துவிட்ட கையில் மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. நான் அதை நானாகப் பார்க்கவில்லை. அத்தை எதையோ உற்றுப் பார்த்தாள், நான் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி அந்தக் கையைச் சுற்றித் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எண்ணெய் போக மறுபடி சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் முதலாளியம்மா விரலைப் பார்த்தார். “ஐயோ, மோதிரத்தைக் குளிக்கற ரூம்ல கழட்டி வெச்சேனோ என்னமோ தெரியலீங்களே” என்றார். அவருக்குப் பிறகு குளியலறையைக் கழுவி விட்டவள் அம்மா.

“அருவியிலயே கையில இல்ல” என்று நான் சத்தமாகச் சொன்னேன். “அத்தயும் பாத்தா.”

கன்னத்தில் விழுந்த அறை எனக்கு இன்றைக்கும் இடப்பக்கம் கேட்கும். “ஓணானுக்கு வேலி சாட்சியாக்கும்! பெத்தவளுக்குப் பிள்ள சாட்சி சொல்ல வந்துட்டு” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வது சாட்சி இல்லை என்பதில் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் திருட்டோ, பொய்யோ, வரப்புத் தகராறோ, கடைசியில் சூடத்துக்குத்தான் வந்து நிற்கும். தட்டில் ஒரு வில்லைச் சூடத்தை ஏற்றி, சாமி பேரைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதோடு சத்தியம் முடிந்தது. சுடுவதற்குள் கை திரும்பிவிடும். பொய்ச் சத்தியம் செய்தவனைச் சாமி பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு.

அத்தை அதை மாற்றினாள். அன்று பிற்பகல் மேகம் இறங்கிப் பட்டப்பகலில் கூடம் இருட்டிக்கிடந்தது. கரண்டும் இல்லை. கூடத்தின் நடுவில் தாம்பாளத்தை வைத்து, சாமி அலமாரியிலிருந்த சூடப்பொட்டலத்தை அப்படியே அதில் கவிழ்த்தாள். சின்னக் கொழுக்கட்டை அளவுக்குக் குவிந்தது.

“வேண்டாங்கக்கா, போனாப் போவுது. ஒரு மோதிரம்தானுங்க” என்றார் முதலாளியம்மா.

“ஒங்களுக்கு வேண்டாம்மா, எங்க குடும்பத்துக்கு வேணும். நாளைக்கு நாலு பேரு இந்த வீட்ட நம்பி வரணும்லா?” என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்து, “குற்றாலநாதர் மேல சத்தியம் பண்ணிட்டு, அணையுற வரைக்கும் கைய எடுக்காம வச்சிரு. எடுக்காதவளுக்குத்தான் மடியில கனம் இல்லன்னு அர்த்தம். உண்மைன்னா ஒண்ணும் ஆகாது. பொய்யின்னாத்தான் கொப்புளிக்கும்” என்றாள்.

இப்படி ஒரு சட்டம் எங்கள் ஊரில் அதற்கு முன் கிடையாது. ஆனால் ஒருத்தர்கூட ‘இது எப்போதிருந்து?’ என்று கேட்கவில்லை. பெரியவள் சொன்னால் அது பழைய வழக்கமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வாசற்படியில் நின்ற அப்பா, “அக்கா, இதெல்லாம் எதுக்கு…” என்று இழுத்தார்.

“நீ சும்ம கிடலே.”

அவர் சும்மா கிடந்தார். அம்மா அவரை ஒரே ஒரு தரம் பார்த்தாள். அவர் பெருவிரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்காளுக்கு மரியாதை கொடுத்ததாக அன்றைக்கு நினைத்திருப்பார். கொடுத்த மரியாதைக்குச் சொந்தக்காரி வேறொருத்தி என்று அவர் சாகிறவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அத்தை தீக்குச்சியைக் கிழித்தாள். இருட்டில் சூடம் குப்பென்று எழுந்தது. “உண்மைன்னா ஒண்ணும் ஆகாது. வையி கைய” என்றாள்.

அம்மா வைத்தாள். சத்தம் போடவில்லை. வளையல்கள் மட்டும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. ஒரு வில்லை என்றால் உடனே அணைந்திருக்கும். அத்தனை சூடம் விரலிடுக்கு வழியாக நாக்கு நீட்டிக்கொண்டே இருந்தது. பூஜை வாசமும் அதோடு இன்னொரு வாசமும் வந்தது. அந்த இன்னொரு வாசத்தைப் பின்னால் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் முதல்நாள் வேலைக்குப் போனபோது சட்டென்று அடையாளம் கண்டுகொண்டேன். கூடத்தில் இருந்த எல்லோரும் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

படக்காரர் இருந்த வெளி அறையின் இன்னொரு ஜன்னல் கூடத்துக்குள் திறக்கும். அது திறந்திருந்தது.

சாயங்காலம் அம்மாவின் உள்ளங்கை கொப்புளித்தது. அத்தை முதலாளியம்மாவின் அறைவரை போய், “பாத்தியளா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசத் தேவை இருக்கவில்லை. நெருப்பு யார் கையையும் ஒரே மாதிரிதான் சுடும். உத்தமியின் தோலும் திருடியின் தோலும் ஒரே தோல்தான். இதைத் தெரிந்துகொள்ள நர்ஸ் படிப்பு வேண்டியதில்லை. அடுப்படியில் ஒருநாள் நின்றால் போதும். அந்த வீட்டில் அடுப்படியில் நிற்காத பெண் ஒருத்தியும் இல்லை. ஆனாலும் நம்பினார்கள்.

மறுநாள் காலை படக்காரர் பெட்டியைக் கட்டிவிட்டார். சீசன் முடிய இன்னும் நாளிருந்தது. போகும்போது அத்தையைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அத்தைக்கு வாயெல்லாம் பல். “நான் ஒக்காரவே இல்லய, எப்பம் வரஞ்சியோ?” என்றாள்.

“நேத்துதாம்மா வெளிச்சம் சரியா இருந்தது” என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவரை நான் பிறகு பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கக் கூடாதா என்று அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வரைய முடிந்த ஆளுக்கு இந்தப் பக்கம் வந்து தாம்பாளத்தை எட்டி உதைக்கத் தெரியவில்லை.

அத்தை படத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினாள். “என்ன களை பாத்தியா? சிரிக்க மாதிரியே இருக்குல்லா?” என்றாள். தாவாங்கட்டையில் சாரல் துளி விழுந்து மை கொஞ்சம் பரவியிருந்தது. “மச்சம் வச்சிருக்காரு, அதுவும் நல்லாத்தான் இருக்கு” என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். கடைசியில் பின்கட்டுக்கும் கொண்டுவந்தாள். கையில் துணி சுற்றியிருந்த அம்மா படத்தை வாங்கவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அத்தை போன பிறகு, எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது, “அவரு பாத்திருக்காரு” என்றாள்.

எதைப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மோதிரம் கிடைக்கவே இல்லை. முதலாளி குடும்பம் அடுத்த வருஷம் வரவில்லை. அம்மாவுக்கு ‘சூடம் அணைச்சவ’ என்று ஒரு பேர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கல்யாண வீடுகளில் பெண்ணுக்குப் போட வேண்டிய நகையைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருப்பார்கள் இல்லையா? அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், யாராவது ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து, “இத உள்ள வச்சிட்டு வாரேன்” என்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போவாள். தென்காசியில் எங்கள் எதிர்வீட்டு மதினிதான் முதலில் எடுத்தாள். பிறகு ராயகிரியில், அம்மா பிறந்த ஊரிலேயே எடுத்தார்கள். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்த பிறகு அம்மா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். வலது உள்ளங்கை சுருங்கி, விரல்கள் முழுதாக விரியாது. அதை எப்போதும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள்.

மாமா பம்பாயிலிருந்து வந்து குத்துக்கல்வலசையில் வீடு கட்டினார். அத்தை அங்கே போனபோது, சட்டம் போட்டு மாட்டிக் கண்ணாடி உடைந்திருந்த அந்தப் படத்தைப் பரணில் விட்டுவிட்டுப் போனாள். அம்மா அதை இறக்கித் துடைத்துத் தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். பார்த்தவர்கள், “நாத்தனா மேல எம்புட்டுப் பிரியம்” என்றார்கள். மழைநாளில் சில சமயம் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. முகங்களைப் பார்க்கக் கற்றிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததும் படத்தைக் கிழிக்கக் கையை நீட்டினேன். அம்மா தடுத்தாள்.

“கிழிச்சிராதட்டி. என் பக்கம் இருக்கது அது ஒண்ணுதான்.”

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. கடைசிவரை அவள் பேர் திரும்பவில்லை. படம் என்னிடம் வந்தது. நான் காத்திருந்தேன். வெட்கப்படாமல் சொல்லுகிறேன், அத்தை சாவதற்காகத்தான் காத்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் அழுதிருப்பாள், மயங்கி விழுந்திருப்பாள், நான் பாவியாகியிருப்பேன். அவளை எனக்குத் தெரியும்.

தொண்ணூறைத் தாண்டித்தான் போனாள். துஷ்டி கேட்கப் போயிருந்தேன். கைக்குழந்தையாக எங்கள் வீட்டில் வளர்ந்தானே அத்தை மகன், அவனுக்கே இப்போது பேரன் பேத்தி இருக்கிறது. “மதினி, பதினாறாம் நாள் படத்திறப்பு வச்சிருக்கோம். அம்மைக்குக் கெழவியா இருக்க போட்டோதான் இருக்கு. வயசுல உள்ள படம் ஏதாவது ஒங்ககிட்ட கெடக்கா?” என்று கேட்டான்.

“ஒண்ணு இருக்குய்யா” என்றேன். வாய் சொல்லி முடிப்பதற்கு முன்னால் என் கை பையைத் திறந்துவிட்டது. ஆமாம், கொண்டுபோயிருந்தேன்.

அவன் மகள் சென்னையில் டிசைன் வேலை பார்ப்பவள். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஐயோ, செம எக்ஸ்பிரஷன் பெரியம்மா! ஒரே ஸ்ட்ரோக்ல புருவத்தப் போட்டிருக்காரு பாருங்க. இத ஸ்கேன் பண்ண வேண்டாம்ப்பா. ஒரிஜினலையே பெரிய ஃபிரேம் போட்டு மாட்டுவோம்” என்றாள். நான் சரி என்றேன்.

பதினாறாம் நாள் ஹால் நிறையக் கூட்டம். சாப்பாட்டு மேஜையை ஓரமாகத் தள்ளி, அதற்கு நேர் எதிர்ச் சுவரில் படத்தை மாட்டிப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். சுற்றிலும் சீரியல் பல்பு. ஒருத்தர் மைக்கைப் பிடித்து அத்தையைக் கருணையின் வடிவம் என்றார். இன்னொருத்தர், தம்பி குடும்பத்தைத் தாங்கிய ஆலமரம் என்றார். பிறந்த வீட்டு மாலையை நான்தான் போட வேண்டும், அந்த வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான். துணியை விலக்கினார்கள். நான் மாலையைப் போட்டேன். குத்துவிளக்கை ஏற்றினார்கள். “எவ்வளவு அம்சம்!” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

“மதினி, நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்” என்று அத்தை மகன் மைக்கைக் கொடுத்தான்.

நான் படத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன். “இந்தப் படத்த நல்லாப் பாருங்க. பென்சில் கெடையாது, வெறும் மை. பின்னால அழிச்சு மாத்தினது ஒண்ணும் இதுல இல்ல. மொதல்ல கழுத்தப் பாருங்க. நரம்பு ரெண்டும் எப்படித் தெறிச்சு நிக்கி. சும்மா ஒக்காந்திருக்க பொம்பளைக்கு இப்படி நிக்காது. எதையோ எட்டிப் பாக்கா” என்றேன். தலைகள் ஆடின. “ஒதட்டப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் மேல ஏறியிருக்கு. சிரிப்பு வருது, வரக் கூடாதுன்னு பல்லால புடிச்சு வச்சிருக்கா. கண்ணு கீழ பாக்கு. இப்பம் வெளிச்சத்தப் பாருங்க. சூரியனோ லைட்டோ மேலருந்துதான அடிக்கும்? இதுல நெத்தி இருட்டாக் கெடக்கு. தாவாங்கட்டையும் மூக்குக்கு அடியும் பளிச்சுன்னு இருக்கு. வெளிச்சம் கீழருந்து வருது. கீழ என்ன இருந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?”

அத்தையின் பேத்தி, அந்த டிசைன்காரிதான், எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தாள். “ஆமா பெரியம்மா. கீழ ஏதோ எரியுது” என்றாள்.

“எரிஞ்சது சூடம். சூடத்து மேல இருந்தது எங்க அம்மை கை” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அருவி, மோதிரம், விரலில் இருந்த வெளுப்பு, எனக்கு விழுந்த அறை, ஒரு வில்லைக்குப் பதிலாகக் கவிழ்த்த பொட்டலம். குரலை உயர்த்தவில்லை. “மோதிரம் அருவியில போச்சுன்னு இவளுக்குத் தெரியும். தெரியாதவ மொகத்துல சந்தேகம் இருக்கும், பயமாவது இருக்கும். இந்த மொகத்துல அது எங்கன இருக்கு? யாராவது காட்டுங்க, நான் ஒக்காந்திருதேன்” என்றேன். காட்ட யாரும் வரவில்லை. கருணையின் வடிவம் என்றவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தை மகன் மைக்கை வாங்க வந்தவன் பாதியிலேயே நின்று படத்தை நிமிர்ந்து பார்த்தான். தாயின் முகத்தை அவன் முதல்முறையாகப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை.

தென்காசி எதிர்வீட்டு மதினி நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற என்னைப் பிடித்து நிறுத்தி, என் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவினாள். “நாந்தான ஏட்டி மொதல்ல தாம்பாளத்த எடுத்தேன்” என்றாள். அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது. துடைக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். அது அம்மாவுக்கு வந்தது, என்னுடையது இல்லை.

பேத்தி நான் பேசியதைச் செல்போனில் எடுத்திருந்தாள், பிறகு எனக்கு அனுப்பினாள். பார்த்தேன். மைக்கைப் பிடித்து நிற்கும் என் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியிருக்கிறது. அதே ஓரம்தான். இருக்கட்டும். ஒரே வீட்டு ரத்தம், வேறெங்கே போகும்?

ஒரு மாதம் கழித்து அத்தை மகன் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. “மதினி, அந்தப் படத்த நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிருங்க. மேசைக்கு நேர எதிர இருக்கு. சாப்பிடக் கைய நீட்டுனா, அது கையவே பாக்க மாதிரி இருக்கு. வீட்டுல ஒருத்தரும் ஹால்ல ஒக்காந்து சாப்பிட மாட்டேங்காவ. எம் பொஞ்சாதி தட்டத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிருதா.”

“மாலை போட்டு வெளக்கேத்துன படத்த வருஷம் திரும்பாம எறக்கக் கூடாதுல்லாய்யா? வீட்டுக்கு ஆகாதும்பாவ.”

“அப்படி ஒரு வழக்கம் இருக்கா, மதினி?”

“பெரியவ சொல்லுதேன்ல?”

வெளியே சாரல் ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அவனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“பயப்படாதய்யா. உண்மைன்னா ஒண்ணும் ஆகாது. நீங்க பாட்டுக்கு மேசையில கைய வச்சு சாப்பிடுங்க.”